பாட்டு நிற்கும், கதை நிற்குமா?

துக்கவீட்டிலும் கன்வென்ஷன் பந்தலிலும் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. சிகாகோ நகரத்து வக்கீல் ஒருவர் முதலில் தன் ஒரே மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுக்கிறார். அடுத்து, ஊரையே எரித்த பெருந்தீயில் சொத்தெல்லாம் போகிறது. அதற்கும் அடுத்து, மனைவியையும் நான்கு மகள்களையும் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றி அனுப்ப, கப்பல் மூழ்கிப் பிள்ளைகள் நால்வரும் மாண்டுபோகிறார்கள். தப்பிய மனைவியை அழைத்துவரப் போகிறவர், அதே இடத்தில் கப்பல் தளத்தில் நின்றபடி, எது வந்தாலும் தன் ஆத்துமாவுக்குக் குறைவில்லை என்று ஒரு பாட்டை எழுதுகிறார். கதை அத்தோடு முடியும். பிரசங்கியார் சற்று நிறுத்தி, "உங்களால் இப்படிப் பாட முடியுமா?" என்பார்.

அந்த வக்கீல் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட். 1876இல் அச்சேறிய அவருடைய பாட்டு இன்றும் பல நாடுகளில் அடக்க ஆராதனைகளில் பாடப்படுகிறது. கடவுள் நல்லவர், துன்பத்திலும் அவர் அன்பு மாறாது என்பதற்கு மேடைகளில் கூண்டேற்றப்படும் சாட்சிகளில் இந்தக் கதைக்குத் தனி இடம் உண்டு. சாட்சி என்று கூண்டேற்றிவிட்டால் குறுக்கு விசாரணைக்கு அஞ்சக் கூடாது. சொல்லப்படுகிறபடிதான் நடந்ததா, நடந்திருந்தாலும் அது நிரூபிக்க வந்ததை நிரூபிக்கிறதா, இல்லையென்றால் அந்த நம்பிக்கைக்குக் காலூன்ற வேறு இடம் உண்டா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் நடந்தது. சிகாகோ தீ 1871 அக்டோபரில். சுமார் 300 பேர் செத்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். மனை வாங்கிப் போட்டிருந்த ஸ்பாஃபோர்டுக்குப் பெருத்த நட்டம். 1873 நவம்பரில் அவர் மனைவி அன்னா, மகள்கள் ஆனி, மேகி, பெஸ்ஸி, தனெட்டா ஆகியோருடன் 'வில் து ஹாவ்ர்' என்ற பிரெஞ்சு நீராவிக் கப்பலில் நியூயார்க்கிலிருந்து கிளம்பினார். மூத்தவளுக்குப் பதினொன்று, கடைக்குட்டிக்கு இரண்டு வயது. நவம்பர் 22 அதிகாலை, நடு அட்லாண்டிக்கில், 'லோக் எர்ன்' என்ற இரும்புப் பாய்மரக் கப்பலோடு மோதி, பன்னிரண்டே நிமிடத்தில் அது மூழ்கியது. 226 பேர் இறந்தனர். 87 பேர் பிழைத்தனர். அன்னா பிழைத்தார், பிள்ளைகள் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களை இன்னொரு கப்பல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கியது.

அங்கிருந்து அன்னா கொடுத்த தந்தி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. மேடையில் அதை இரண்டே சொல்லாகச் சொல்லுவார்கள்: தான் மட்டும் தப்பியதாக. உண்மையில் தந்தி அங்கே நிற்கவில்லை. அடுத்த மூச்சிலேயே, நான் என்ன செய்வது என்று கேட்கிறது. கூட வந்தவர்களில் இன்னும் யார் யார் போனார்கள் என்று சொல்கிறது. பதில் வரும்வரை யாரோடு இருப்பேன் என்பதையும் பாரிஸில் ஒரு முகவரியையும் தருகிறது. முற்றுப்புள்ளிகூட இல்லாமல் எல்லாம் ஒரே ஓட்டமாக வருகிறது. அதில் இறையியல் எதுவும் கிடையாது. நான்கு பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கொடுத்தவள் அடுத்த வேளைக்கு எங்கே போவது என்று கேட்கிறாள். இந்தக் கதையில் எனக்கு ஐயமே இல்லாத பத்திரம் இது. மேடை வெட்டியெறிவதும் இதன் பிற்பாதியைத்தான்.

இனி முரண்பாடுகளுக்கு வருவோம். முதலாவது, மகன். மேடைக் கதையில் அவன் 1871க்கு முன்னால் சாகிறான். உண்மையில் அந்தப் பையன் பிறந்ததே கப்பல் மூழ்கிய பிறகு. தந்தையின் பெயரையே வைத்தார்கள். செங்காய்ச்சல் கண்டு அவன் இறந்தது 1880 பிப்ரவரியில், பாட்டு அச்சேறி மூன்று ஆண்டுக்கும் மேல் கழிந்து. ஒரு தேதிதானே, இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கதையில் வாதமே வரிசையில்தான் இருக்கிறது. மகன், சொத்து, மகள்கள் என்று இழப்பு படிப்படியாக ஏறி, உச்சியில் பாட்டு பிறக்க வேண்டும். அப்போதுதான் 'எல்லாம் போன பிறகும் பாடினார்' என்று முடிக்கலாம். மகனின் சாவை அதன் சரியான இடத்தில் வைத்தால் பாட்டு உச்சியிலிருந்து நடுவுக்கு இறங்கிவிடும். பாடிய பிறகும் அடி விழுந்தது என்று சொல்ல வேண்டிவரும். அந்த அடியின் பின் என்ன ஆனது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லக் கதைசொல்லிகள் விரும்புவதில்லை.

இரண்டாவது, பாட்டு எங்கே எப்போது எழுதப்பட்டது என்பது. இதில் இரண்டு சாட்சிகள். மகள் பெர்த்தா, 1950இல் வெளியிட்ட தன் நினைவு நூலில், தந்தை கடலிலேயே எழுதினார் என்கிறார். ஆனால் பெர்த்தா பிறந்ததே 1878இல். வீட்டில் கேட்டதை எழுதுகிறார். சுவிசேஷகர் மூடியின் கூட்டங்களில் பாடிய ஐரா சாங்கியோ, 1876இல் தான் ஸ்பாஃபோர்ட் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தபோது பிள்ளைகளின் நினைவாக அவர் அதை எழுதினார் என்று பதிவு செய்கிறார். சாங்கியின் நூல் வந்தது 1906இல். முதல் கையெழுத்துப்படி தீயில் போய், திரும்ப எழுதிய நூல் அது. ஆகவே இரு சாட்சிகளுமே முப்பதாண்டுக்குப் பிந்தியவை, இரண்டிலும் ஓட்டை உண்டு. கையெழுத்துப் பிரதி ஒன்று பிழைத்திருக்கிறது: சிகாகோவின் ஒரு ஹோட்டலுடைய பெயர் அச்சிட்ட தாளில். ஊர் ஹோட்டல் தாளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கப்பலேறுகிறவர்கள் இருந்திருக்கலாம். அது நல்ல படியெடுத்த பிரதியாகவும் இருக்கலாம். என்றாலும் எடை போட்டால் தராசு சாங்கியின் பக்கமே சாய்கிறது. அவர் அந்த வீட்டில் இருந்தவர்.

கடலைக் கடக்கும்போது ஸ்பாஃபோர்ட் எதுவுமே எழுதவில்லை என்றும் சொல்ல முடியாது. மகள்கள் மூழ்கிய இடத்தைத் தாண்டியதும் அன்னாவின் சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகளை அந்த ஆழத்தில் கிடப்பவர்களாக நான் நினைக்கவில்லை, மீட்பரிடத்தில் பத்திரமாக இருப்பவர்களாகவே நினைக்கிறேன் என்பது அதன் சாரம். ஆகவே நம்பிக்கை இருந்தது, அது நடிப்பல்ல. ஆனால் கடிதத்துக்கும் பாட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தால் பாட்டின் மதிப்பு எனக்குக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அடிபட்ட வேகத்தில் பிதற்றியதல்ல, பிள்ளைகளின் பிறந்தநாள்கள் வந்து வந்து போன வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்றால், அதற்குப் பக்குவம் உண்டு. கப்பல் தளத்துக் காட்சி நாடகத்துக்கு உதவும். நம்பிக்கை எப்படிப்பட்டது என்று காட்ட மூன்றாண்டுத் தாமதமே உதவும்.

ஓர் இடைக்குறிப்பு. பாட்டுக்கு மெட்டமைத்த பிலிப் பிளிஸ், மெட்டுக்கு மூழ்கிய கப்பலின் பெயரையே வைத்தார். அதே 1876 டிசம்பர் 29 அன்று ஒஹாயோ மாநிலத்தில் ஆஷ்டபுலா ரயில் பாலம் இடிந்து விழுந்ததில் அவரும் மனைவியும் மாண்டார்கள். இதையும் கதையோடு சேர்த்துச் சொன்ன பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. சேர்த்தால் எந்தப் பக்கம் நீதி சொல்வதென்று தெரியாமல் போகும்.

கதை நிறுத்தப்படும் இடத்துக்கு அப்பால் போவோம். 1880இல் மகன் இறந்ததும், ஸ்பாஃபோர்ட் மூப்பராக இருந்த பிரஸ்பிட்டேரியன் சபைக்குள் முணுமுணுப்பு எழுந்தது. இத்தனை சாவு ஒரு வீட்டில் வருமென்றால் அந்த வீட்டில் என்ன பாவமோ என்று. கடவுள் நல்லவர், நீதியுள்ளவர். ஆகவே அடி வாங்கியவன் எதையோ மறைக்கிறான். யோபுவின் நண்பர்கள் பேசியதும் இதேதான். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைக் குறித்து இயேசுவே வெளிப்படையாக மறுத்த கணக்கு இது. லூக்கா 13ஐ அந்தச் சபையார் பலமுறை வாசித்திருப்பார்கள். நித்திய நரகத்தைப் பற்றி ஸ்பாஃபோர்ட் வேறுவிதமாகப் பேசத் தொடங்கியதும் சேர்ந்துகொள்ள, சபையோடு இருந்த உறவு முறிந்தது.

கடவுளின் நற்குணத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டவர்கள்தான் அங்கே கல்லெறிந்தார்கள். விசுவாசம் இல்லாதவர்கள் இந்தக் குடும்பத்துக்குத் தீங்கு செய்ததாகத் தெரியவில்லை. 'கடவுள் நல்லவர்' என்ற வாக்கியத்தை ஒருவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தே அது மருந்தாவதும் கல்லாவதும். நடந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தத் தொடங்கிய உடனே, துன்பப்பட்டவர்மேல் பழி வந்து விழுகிறது. காரணம் என்று வந்தால் கடவுளைக் குற்றம் சொல்ல முடியாது, மிஞ்சுவது மனிதன்தான்.

ஸ்பாஃபோர்ட் தம்பதியும் இந்தப் பொறியிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. அன்னா தண்ணீரிலிருந்து மீண்ட நேரத்தில், ஏதோ ஒரு நோக்கத்துக்காகவே தான் காப்பாற்றப்பட்டதாக உள்ளத்தில் ஒரு குரல் கேட்டார் என்று பெர்த்தா எழுதுகிறார். பெற்ற நான்கையும் இழந்த தாய் உயிரோடிருக்கத் தனக்கு ஒரு காரணம் தேடினார் என்றால் அதைக் குறைசொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் வாக்கியமாக எடுத்து வைத்துப் பாருங்கள். நோக்கத்துக்காக ஒருத்தி காப்பாற்றப்பட்டாள் என்றால், மற்ற 226 பேருக்கு நோக்கம் இல்லையா? ஒன்பது வயது மேகிக்கு இல்லையா? ஆறுதலாகப் பிறந்த வாக்கியம், கோட்பாடானதும் இறந்தவர்களைக் கழித்துவிடுகிறது.

கோட்பாடாகவும் ஆனது. 1881 ஆகஸ்டில் பெரியவர்கள் பதின்மூன்று பேரும் குழந்தைகள் மூவரும் கொண்ட குழுவோடு ஸ்பாஃபோர்ட் குடும்பம் எருசலேமுக்குக் குடிபெயர்ந்தது. பழைய நகரத்தில் மதிலை ஒட்டிய வீட்டில் கூட்டு வாழ்க்கை. அமெரிக்கன் காலனி என்று அதற்குப் பெயர் விழுந்தது. ஸ்பாஃபோர்ட் 1888இல் மலேரியாவில் இறந்தார். அதன்பின் அன்னாவின் சொல்லே அங்கே சட்டம். கணவன் மனைவியர் பிரிந்து வாழ வேண்டும், புதிதாகத் திருமணம் கூடாது என்ற நியதி பல ஆண்டுகள் இருந்தது. தலைவியின் சொந்த மகள் பெர்த்தா 1904இல் மணம் செய்தபோதுதான் அது தளர்ந்தது. 1896இல் சுவீடனின் நோஸ் கிராமத்திலிருந்து குடும்பம் குடும்பமாக நிலத்தை விற்றுவிட்டு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கதையைத்தான் செல்மா லாகர்லெவ் 'எருசலேம்' என்ற நாவலாக்கினார். அன்னாவைப் பற்றி ஜேன் ஃப்ளெட்சர் ஜெனீஸ் 2008இல் எழுதிய வாழ்க்கை வரலாறு, ஸ்பாஃபோர்ட் சிகாகோவில் விட்டுப்போன கடன்களையும் காலனிக்குள் இருந்த கட்டுப்பாட்டையும் தயங்காமல் பேசுகிறது. கடவுள் தன்னோடு நேரே பேசுகிறார் என்ற உறுதி, பக்கத்தில் இருப்பவர்களின் குடும்ப வாழ்க்கையையே உத்தரவு போட்டு நடத்தும் அளவுக்குப் போய்விட்டது.

மறுபக்கத்தை மறைத்தால் அது திறனாய்வு ஆகாது. முதல் உலகப் போரில் எருசலேம் பசியால் துவண்டபோது இதே காலனி கஞ்சித்தொட்டி திறந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு உணவிட்டது, காயம்பட்டவர்களைக் கவனித்தது. சாதி, மதம் பார்த்துத் தட்டு நீட்டவில்லை. மதம் மாற்றுவதும் அவர்கள் வேலையாக இருக்கவில்லை. 1925இல் பெர்த்தா தொடங்கிய குழந்தைகள் காப்பகம், குழந்தைகளுக்கான மருத்துவ மையமாகப் பிற்காலத்திலும் தொடர்ந்தது. கட்டுப்பாடும் கஞ்சித்தொட்டியும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கக் கூடாது. 'பாடினார், வென்றார்' என்று மூன்று நிமிடத்தில் முடிக்கக்கூடிய வாழ்க்கை அல்ல அது.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: மேடைக் கதை வரிசையில் பொய், காட்சியில் ஐயத்துக்குரியது, முடிவில் அரைகுறை.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினம். கதை அட்சரம் பிசகாமல் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் துன்பத்தில் பாடினார் என்பது கடவுள் நல்லவர் என்று காட்டுமா? பாடியவர்களை மட்டும் அழைத்துவந்து நிறுத்தினால் வழக்கு எப்போதும் ஜெயிக்கும். பாடாமல் ஒடிந்துபோனவர்களை யாரும் கூண்டேற்றுவதில்லை. இதற்கு எதிர்ச்சாட்சி கீர்த்தனைப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறார். ஆங்கிலக் கவி வில்லியம் கூப்பர், கடவுளின் மறைவான வழிகளைக் குறித்து மிகப் புகழ்பெற்ற பாட்டு ஒன்றை எழுதியவர். 1779இல் வந்த ஓல்னி பாட்டுப் புத்தகத்தில் அது இருக்கிறது. அதே கூப்பர் 1773இல் மனம் உடைந்து, கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்று நம்பி, 1800இல் இறக்கும்வரை அந்த இருளிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. அவர் பாட்டு லட்சக்கணக்கானவர்களைத் தேற்றியது, அவரைத் தேற்றவில்லை. பாட்டு வந்தது என்பதால் சமாதானம் இருந்தது என்று சொல்ல முடியாது. சமாதானம் இருந்தது என்பதால் அதற்கு அடிப்படையான கருத்து உண்மை என்றும் சொல்ல முடியாது. மேடை இந்த இரண்டு தாண்டலையும் ஒரே மூச்சில் தாண்டுகிறது.

இந்த இடத்தில்தான் தத்துவ அறிஞர் ஆண்டனி ஃப்ளூவின் கேள்வி வந்து நிற்கிறது. 1950இல், கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் தலைவராக இருந்த ஆக்ஸ்ஃபோர்ட் சாக்ரட்டீஸ் சங்கத்தில் அவர் அதை வைத்தார். தொண்டையில் புற்றுநோய் வந்து ஒரு குழந்தை சாகிறது. உலகத்துத் தகப்பன் துடியாய்த் துடிக்கிறான். பரலோகத் தகப்பனிடத்தில் அசைவே தெரியவில்லை. உடனே விசுவாசி, அவர் அன்பு மனித அன்பு போன்றதல்ல என்று ஒரு திருத்தம் போடுகிறார். அடுத்த சாவுக்கு அடுத்த திருத்தம். எது நடந்தாலும் பொய்யாகாத வாக்கியம் எதைத்தான் சொல்கிறது? அது உண்மையாக இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம்?

இதைக் குதர்க்கம் என்று தள்ளும் ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படித் தள்ளக் கூடாது. மகனும் மகள்களும் போய்விட்ட வீட்டில் 'எல்லாம் நன்மைக்கே' என்று ரோமர் 8ஐ எடுத்து வீசும்போது, வெறுமையான வாக்கியம் என்று ஃப்ளூ சொன்னதைத்தான் நாம் செய்துகாட்டுகிறோம். அந்த அதிகாரத்தின் பிற்பகுதியில் பவுல் அடுக்கும் பட்டியலில் பசியும் நிர்வாணமும் பட்டயமும் இருக்கின்றன. அவை வராது என்றோ, வந்தால் வலிக்காது என்றோ அவர் சொல்லவில்லை.

அதையொட்டி எழுந்த விவாதத்தில் ஃப்ளூவுக்கு இன்னொரு தத்துவ அறிஞர் பேசில் மிட்செல் கொடுத்த பதில் இன்றும் எடைக்கு நிற்கிறது. எதிரி பிடித்திருக்கும் நாட்டில், எதிர்ப்புப் படையைச் சேர்ந்த ஒருவன் ஓரிரவு அந்நியன் ஒருவனைச் சந்திக்கிறான். விடியவிடியப் பேசுகிறார்கள். அந்நியன், நான் உங்கள் பக்கம்தான், என்ன நடந்தாலும் என்னை நம்பு என்று சொல்லிப் போகிறான். பிறகு சில நாள் அவன் தோழர்களுக்கு உதவுவது தெரிகிறது. சில நாள் எதிரியின் சீருடையில் தோழர்களைப் பிடித்துக்கொடுப்பதும் தெரிகிறது. போராளி, அவன் நம் பக்கம்தான் என்கிறான். ஆனால் கண்ணால் கண்டது தன் நம்பிக்கைக்கு எதிரானது என்பதை அவன் மறுப்பதில்லை. அது அவனை வாட்டுகிறது. மிட்செல் சொல்வது இதுதான்: எதிர்ச்சாட்சியை எதிர்ச்சாட்சியாகவே ஏற்று, அது முடிவானது அல்ல என்று சொல்லும் நம்பிக்கை வெறுமையானது அல்ல. வாட்டமே இல்லாமல் 'தேவசித்தம்' என்று தட்டிவிட்டுப் போகிறவனுடைய நம்பிக்கையே வெறுமையானது.

லூயிஸின் இரண்டு நூல்களையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 1940இல் வந்த 'வலியின் சிக்கல்' வாதத்தில் சுத்தமானது. வலி கடவுளின் ஒலிபெருக்கி என்றெல்லாம் பேசும். மனைவி ஜாய் டேவிட்மன் 1960இல் புற்றுநோயால் இறந்தபின், 1961இல் புனைபெயரில் வெளியிட்ட துயரக் குறிப்புகளில் அதே மனிதர், கடவுள் கொடுமைக்காரரோ என்றே கேட்கிறார். முதல் நூலை எழுதியவர் இரண்டாவதற்கு வந்தபோது விசுவாசத்தில் தாழ்ந்துவிட்டார் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மிட்செலின் கணக்கில் இரண்டாவது நூல்தான் நம்பிக்கை உயிரோடிருக்கும் நூல். எதிர்ச்சாட்சி அங்கே உள்ளே வந்து உட்கார அனுமதி பெறுகிறது.

மிட்செலின் கதையில் ஒன்று முக்கியம்: அந்த முதல் இரவு. போராளியின் நம்பிக்கைக்குப் பின்னால் வந்த நிகழ்ச்சிகள் ஆதாரம் அல்ல. ஆதாரம் அவற்றுக்கு முன்பே கிடைத்தது. ஸ்பாஃபோர்டின் பாட்டைத் திரும்பப் படித்தால் அதன் கட்டுமானம் அப்படியே இருப்பது தெரியும். தொடக்கத்தில் கடல் அலையும் துயரமும் வருகின்றன. உடனே பாட்டு தன் சொந்த இழப்பை விட்டு நகர்ந்து சிலுவைக்குப் போகிறது. அங்கே தன் பாவச் சுமை தீர்ந்ததைப் பேசுகிறது. கடைசியில் கிறிஸ்துவின் வருகையைக் கூப்பிடுகிறது. கப்பல் ஏன் மூழ்கியது என்று ஒரு வரியிலும் இல்லை. மூழ்கியதால் இன்ன நன்மை விளைந்தது என்றும் இல்லை. என் வாழ்க்கையில் நடந்ததைப் பார்த்தால் கடவுள் நல்லவர் என்று தெரிகிறது என்று அது வாதாடவில்லை. சிலுவையில் கண்டதை வைத்து என் வாழ்க்கையைச் சகிக்கிறேன் என்கிறது. மேடைக் கதை இந்தத் திசையைத் தலைகீழாக்கிவிட்டது. கதை இழப்பைச் சாட்சியாக்குகிறது, பாட்டு அப்படிச் செய்யவில்லை.

அந்த முதல் இரவு உண்மையில் நடந்ததா, சிலுவையில் கடவுளின் அன்பு வெளிப்பட்டதா என்பது தனி விசாரணை. ஐயவாதி அதை ஏற்காமல் போகலாம். ஏற்காதவருக்கு இந்த உறுதிக்கு ஆதாரமில்லை, அது நியாயமே. ஏற்பவருக்கும் ஒரு கணக்கு தீராமல் நிற்கிறது. அந்நியனோடு பேசியது போராளி, பிடித்துக்கொடுக்கப்பட்டவர்கள் பேசவில்லை. அன்னா தேறியது தனெட்டாவுக்கு ஈடாகாது. தப்பியவரின் சமாதானத்தை வைத்து இறந்தவரின் வழக்கை முடித்துவைக்க முடியாது. பாட்டு இதையும் அறிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. இல்லையென்றால் கடைசியில் வருகையைக் கூப்பிட்டு முடிக்க வேண்டியதில்லை. கொடுக்கவேண்டியது இன்னும் கொடுக்கப்படவில்லை என்று தெரிந்தவன்தான் நாளைச் சீக்கிரமாக்கு என்று கேட்பான்.

என் ஆத்துமாவுக்கு நலமே என்னும் இந்தப் பாட்டின் பல்லவியைக் கேட்டால் வேதம் வாசிப்பவருக்கு 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்துச் சூனேம் ஊராள் நினைவுக்கு வருவாள். மடியில் பிள்ளை செத்துக் கிடந்தது. அவனைத் தீர்க்கதரிசி எலிசாவின் கட்டிலில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டுக் கழுதையேறி வருகிறாள். எதிரே வந்த எலிசாவின் வேலைக்காரன் கேயாசி நலம் விசாரிக்க, நலம்தான் என்று ஒற்றைச் சொல்லில் அவனைக் கடந்து போகிறாள். எலிசாவின் முன்னால் வந்ததும் காலைக் கட்டிக்கொள்கிறாள். கேயாசி அவளைத் தள்ளிவிடப் பார்க்கிறான். எலிசா, அவளை விடு, அவள் உள்ளம் துக்கத்தால் நிறைந்திருக்கிறது, அதன் காரணத்தைக் கர்த்தர் எனக்கு மறைத்துவிட்டார் என்கிறார். பிள்ளை வேண்டுமென்று நான் கேட்டேனா, என்னை ஏய்க்க வேண்டாம் என்று சொல்லவில்லையா என்று அவள் வழக்குத் தொடுக்கிறாள். தீர்க்கதரிசிக்கே காரணம் தெரியவில்லை, தெரியாது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். நலம் என்று சொன்னதும் அவள்தான், குற்றம் சாட்டியதும் அவள்தான். அவள் காலைப் பிடித்துக்கொண்டே குற்றம் சாட்டினாள் என்பதுதான் நம்பிக்கை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது.

என் தீர்ப்பு இது. கடவுளின் நற்குணத்தில் கிறிஸ்தவர் வைக்கும் உறுதி, நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்த முடிவு என்று சொல்லப்படும்வரை தோற்றுக்கொண்டே இருக்கும். ஃப்ளூவின் கேள்விக்கு முன்னால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அதே உறுதி, முன்பே கிடைத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எதிர்ச்சாட்சியை மறைக்காமல், காரணம் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கணக்கு தீரவில்லை என்றும் சொல்லுமானால், அதை அறிவீனம் என்று தள்ளிவிட முடியாது. நிரூபணம் அல்ல அது. ஆனாலும் நியாயமான நம்பிக்கை. ஒரு நிபந்தனையும் உண்டு. துன்பப்படுகிறவர் தன் வாயால் தனக்காகச் சொல்வதற்கு மட்டுமே அது செல்லும். பக்கத்து வீட்டார் எடுத்து அடுத்தவர் தலையில் வைத்தால் 1880இல் சிகாகோ சபையில் நடந்ததே நடக்கும்.

ஸ்பாஃபோர்டின் பாட்டை நாம் தாராளமாகப் பாடலாம். பிணத்தை வைத்துக்கொண்டு, இப்படி உங்களால் பாட முடியுமா என்று கேட்பதை மட்டும் நிறுத்த வேண்டும். அடக்க ஆராதனையில் 23ஆம் சங்கீதமும் 90ஆம் சங்கீதமும் வழக்கமாக வருகின்றன. இருளிலேயே தொடங்கி, ஒரு விடியலும் இல்லாமல் இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதத்தை எந்த அடக்கத்திலும் நான் கேட்டதில்லை. அதுவும் ஜெபம்தான், அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. போதகர்கள் அதையும் வாசிக்கத் தொடங்கலாம்.